எழுபத்தைந்தில் ஊறல்

க்ளெண்டா தன் அண்ணன் நெவிலிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரஸ்ஸலுக்கு அவன் காய்ச்சிக் கொடுக்கிற பீரில் போதை இருக்கக் கூடாது. இருந்தாலும் பெயருக்குத்தான் இருக்க வேண்டும். அதற்கு அவன் பொறுப்பு. நெவில் சரி என்றான். ஈஸ்டர் முடிந்த வாரம் அது. மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் அவனுடைய சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற காரின் பின்சீட்டில் துணிப்பெட்டி ஒன்று இருப்பதை நெவில் ஜன்னல் வழியே பார்த்திருந்தான். அவன் சரி என்று சொன்ன பிறகு அவள் அந்தப் பெட்டியோடு தன் வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

ரஸ்ஸல் அவள் கணவன். ஆஸ்திரேலியாவின் வாங்கரட்டா ஊருக்கு வெளியே இருக்கும் மரமில்லில் பெரிய ரம்பத்தை ஓட்டுகிறவன். நெவிலுக்கு முதலில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், பிறகுதான் தங்கை கணவன். மார்ச் மாதம் ஃபுட்பால் கிளப்பின் பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், வேலியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தான். இருதயத் தசை பெருத்துத் தளர்ந்துபோயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார்கள். ரஸ்ஸல் ஒரு கணக்குச் சொன்னான். டாக்டர் அம்மா க்ளெண்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை இரண்டால் பெருக்கி எழுதிக்கொண்டாள்.

குடியை நிறுத்திவிட்டதாகத்தான் அவனும் சொன்னான். ஒருநாள் கணப்புக்கு விறகு எடுக்கப்போன க்ளெண்டா, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவினாள். கட்டையோடு ஒரு பாட்டிலும் வந்தது. மீதி அடுக்கையும் பிரித்தாள். பின்வரிசை முழுக்கக் காலி பாட்டில், முன்வரிசை முழுக்க நிறைந்த பாட்டில். அன்றைக்குத்தான் பெட்டியைக் கட்டினாள்.

அப்புறம் பேரம். பப்புக்குப் போகமாட்டேன், கடையில் வாங்கமாட்டேன், ஆனால் சனிக்கிழமை நெவில் கொட்டகையில் பீர் காய்ச்சுவதை மட்டும் என்னிடமிருந்து பிடுங்காதே என்று ரஸ்ஸல் அழுதான். டாக்டர் அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முழுக்க விடுவதுதான் மருந்து. அது நடக்காது என்றால் இதற்குமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அதனால்தான் க்ளெண்டா அண்ணனிடம் வந்தாள். போதை இல்லாத பீரைக் காய்ச்ச முடியுமா என்று கேட்டாள். கிட்டத்தட்ட முடியும் என்று நெவில் சொன்னான்.

முடியும் என்பது அவனுக்குத் தெரியும். அவனும் ரஸ்ஸலும் பல வருடமாகக் காய்ச்சுகிறார்கள். அந்தப் பக்கத்தில் பலரும் செய்கிற முறைதான்: ஒரே பாத்திரம், ஒரே பை. பாத்திரம், கிளப் கேண்டீன் கழித்துப் போட்ட பழைய டீ பாய்லர். பை, ஜன்னல் திரைக்கான சல்லாத் துணியில் க்ளெண்டா இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தது. பாய்லரின் அடியில் துணி கருகாமலிருக்க, கேக் ஆறவைக்கிற கம்பித் தட்டு ஒன்று. சுடுநீரில் பையை இறக்கி, முளைகட்டிக் காயவைத்து அரைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, அதற்குள் கொட்டிக் கிளறி மூடி, பழைய ஸ்லீப்பிங் பேக்கால் பாய்லரைச் சுற்றி ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு உத்தரத்தில் கட்டிய கப்பியால் பையைத் தூக்கினால் சக்கை மேலே போகும், இனிப்புத் தண்ணீர் கீழே நிற்கும். அதில் கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவினால் மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் அந்த ஊறலின் சூட்டில் இருக்கிறது. மால்ட்டுக்குள் இரண்டு வேலைக்காரர்கள் உண்டு என்று நெவில் தங்கைக்கு விளக்கினான். ஒருவன் மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னும் அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்குகிறவன். அறுபத்தைந்து டிகிரியை ஒட்டி அவன் ராஜா, எழுபத்தைந்தில் செத்துப்போவான். இன்னொருவன் பெரிய பெரிய துண்டாக வெட்டுகிறவன். அவன் எழுபத்தைந்தையும் தாங்குவான். அந்தத் துண்டுகள் ஈஸ்ட்டின் வாய்க்குள் போகாது. சாராயமாக மாறாமல் பீரிலேயே தங்கிவிடும். ஆகவே மால்ட்டைப் பாதியாகக் குறைத்து, தண்ணீரை முதலிலேயே நன்றாகச் சுடவைத்து, மால்ட் விழுந்த கணமே எழுபத்தைந்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால், நிறம் இருக்கும், நுரை இருக்கும், வாயில் கனம் இருக்கும், தலைக்கு ஏறாது. பச்சைத் தண்ணீரில் பையை இறக்கி மெல்லச் சூடேற்றினால் மட்டும், போகிற வழியிலேயே முதல் வேலைக்காரன் தன் வேலையை முடித்துவிடுவான்.

க்ளெண்டா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எனக்கு எதுக்குண்ணா? நீ பாத்துக்கறேல்ல, அது போதும்" என்றாள்.

முதல் காய்ச்சல் சொன்னபடி வந்தது. பக்கத்து வீட்டு ஜினோ ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கிங் பள்ளத்தாக்கில் புகையிலை பயிரிட்டு ஓய்ந்து ஊருக்குள் வந்தவர். தன் வீட்டு ஒயினைத் தவிர வேறெதையும் மதிக்காதவர். கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நெவில் தம்பி, இத பேதியானவங்களுக்குக் குடு. பார்லிக் கஞ்சி உடம்புக்கு நல்லது" என்றார். நெவில் சிரித்தான். ரஸ்ஸல் சிரிக்கவில்லை. தன் பங்கை மருந்துபோலக் குடித்துவிட்டு, வெறும் தம்ளரை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

இருந்தாலும் ஏற்பாடு நின்றது. மாலைக்கு இரண்டு பாட்டில் என்று க்ளெண்டா கணக்கு வைத்தாள். மே மாதம் முழுக்க அவள் குரல் தொலைபேசியில் லேசாகிக்கொண்டே வந்தது. ரஸ்ஸல் மில்லில் அரை நாள் கணக்குப் பிரிவில் உட்காருகிறான், காலையில் நாயோடு ஆற்றங்கரைவரை நடக்கிறான் என்றெல்லாம் சொன்னாள்.

ஜூன் கடைசியில் ஒரு மாலை கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது. ரஸ்ஸலின் கணுக்கால் மறுபடியும் வீங்குகிறது, காலுறையைக் கழற்றினால் சதையில் பள்ளம் விழுந்து கிடக்கிறது என்றாள். சாப்பிடும்போது தேவையில்லாமல் சிரிக்கிறான், டிவிக்கு முன்னாலேயே தூங்கிப்போகிறான். விறகு அடுக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். கார், தண்ணீர்த் தொட்டி, நாய்க்கூடு எல்லாம் பார்த்துவிட்டாள். ஒன்றுமில்லை.

"கோவிச்சுக்காதண்ணா. நீ காய்ச்சறதுல ஏதாவது மாத்தினியா?"

நெவிலுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தான். "என்னையே சந்தேகப்படறியா? வேணும்னா தெர்மாமீட்டர வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டட்டுமா?" என்றான். அவள் உடனே மன்னிப்புக் கேட்டாள். இல்லை, கால் வீக்கம் மாத்திரையாலும் இருக்கலாம், டாக்டரைக் கேட்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு அவன் கொட்டகைக்குப் போய் கடைசிக் காய்ச்சலில் ஒரு பாட்டிலைத் திறந்தான். ஒரு குவளைக்கும் இன்னொரு குவளைக்குமாக ஆற்றி வாயுவைப் போக்கி, உயரமான குழாயில் ஊற்றி, கண்ணாடி மிதவையை விட்டான். சர்க்கரை மிச்சமிருந்தால் மிதவை உயரத்தில் நிற்கும். சாராயமாக மாறியிருந்தால் ஆழத்துக்குப் போகும். அவன் காய்ச்சியது உயரத்தில் நிற்க வேண்டும். அது மெதுவாக ஆடி, ஆழத்துக்கு இறங்கி நின்றது. மூன்று முறை துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தான். சாதாரணக் காய்ச்சல் எந்தக் கோட்டில் நிற்குமோ அதே கோடு. மால்ட் பாதி என்பதால் கடைப் பீர் அளவுக்குப் போகவில்லை. ஆனால் க்ளெண்டா இரண்டு பாட்டில் என்று எண்ணிக் கொடுத்ததெல்லாம் உள்ளே போனபோது நான்காக இருந்தது.

தன் கைதான் எங்கோ தவறிவிட்டது என்று நினைத்தான். தெர்மாமீட்டரை உருகும் பனிக்கட்டியில் வைத்தான்: சரியான பூஜ்யம். கொதிநீரில் வைத்தான்: சரியான நூறு. அப்படியானால் பாய்லரின் நடுவில் சூடும் ஓரத்தில் குளிர்ச்சியுமாக இருந்திருக்கலாம். மால்ட் அரைத்த பதம் மாறியிருக்கலாம். ஈஸ்ட் வேறு ஜாதியாக இருக்கலாம். பாத்திரம், பை, பனி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டான். மனிதன் பக்கம் அவன் நினைப்பு போகவே இல்லை.

தங்கையை அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தொலைபேசியைக்கூடக் கையில் எடுத்தான். இப்போதுதான் அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறோம், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டான். மீதியிருந்த பாட்டில்களை வாயு ஏறவில்லை என்று ரஸ்ஸலிடம் பொய் சொல்லித் தன்னிடமே நிறுத்திக்கொண்டான். ரஸ்ஸல் வீட்டுக்கு ஏற்கெனவே கொண்டுபோயிருந்த பாட்டில்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை முதல் சனிக்கிழமை, மறுபடியும் காய்ச்சல். அங்கே நடுக் குளிர்காலம். இரவெல்லாம் உறைபனி, கொட்டகையின் தகரக் கூரை வெள்ளை பூத்துக் கிடந்தது. க்ளெண்டா ரஸ்ஸலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். விழுந்ததிலிருந்து கார் ஓட்டக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் முக்காலியில் உட்கார்ந்தான். ஜினோவும் வேலிக் கதவு வழியாக வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு நெவில் குளிருக்கு ஈடாகத் தண்ணீரைக் கூடுதலாக மூன்று டிகிரி சுடவைத்தான். பையை இறக்கி, மால்ட்டைச் சிறுகச்சிறுகத் தூவினான். மரத்துடுப்பால் அடிவரை விட்டுக் கிளறினான். கட்டி தட்டாமல் கிளறுவதில் அவனுக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. அன்று இன்னும் அதிகமாகக் கிளறினான். நடுவில், ஓரத்தில், அடியில் என்று தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தான். எல்லா இடத்திலும் எழுபத்தைந்து.

"கொழந்தைக்குக் காச்சல் பாக்கற மாதிரி பாக்கறியே மச்சான்" என்றான் ரஸ்ஸல்.

"நீதான மாப்ள கொழந்த" என்று நெவில் சொன்னான். ஜினோ இருமலோடு சிரித்தார்.

மூடியைப் போட்டு ஸ்லீப்பிங் பேக்கைச் சுற்றிக் கட்டினான். பிறகு வழக்கம்போல மைதானத்துக்குக் கிளம்பினான். சனிக்கிழமை காலை சின்னப் பையன்களின் ஆட்டம் தொடங்குவதற்குள் ஓவல் ஆடுகளத்துக்கு வெள்ளைக் கோடு போடுவது கிளப்பில் அவன் வேலை. முன்பெல்லாம் ரஸ்ஸலும் கூட வந்து கோடு போடுகிற வண்டியைத் தள்ளுவான். இப்போது அவன் எதையும் தள்ளக்கூடாது. ஊறல் ஊறுகிற ஒரு மணி நேரத்தில் கொட்டகையில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை; யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அது ரஸ்ஸல்தான். ஜினோ காபிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

கோடு போட்டுவிட்டுத் திரும்பியபோது எல்லாம் விட்டுப்போன மாதிரியே இருந்தது. ரஸ்ஸல் அதே முக்காலியில். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், குளிர் என்றான். தெர்மாமீட்டர் எழுபத்திரண்டு காட்டியது. இந்தப் பனிக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று டிகிரி இறங்குவது நியாயம்தான். மிதவையைப் போட்டுப் பார்த்தான்: இனிப்பு சரியான அளவில் இருந்தது. நெவிலுக்கு மனசு லேசானது. கப்பிக் கயிற்றை இழுத்துப் பையைத் தூக்கிக் கட்டினான்.

பையைப் பிழியலாமா, தானாகச் சொட்டவிட வேண்டுமா என்பது இந்த முறையில் காய்ச்சுகிறவர்களிடையே ஓயாத சண்டை. பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்பது ரஸ்ஸல் கட்சி. நெவில் பிழிகிற கட்சி. தடித்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, ஆவி பறக்கிற பையைக் கட்டிப்பிடித்து மேலிருந்து அழுத்தினான். மேல்பக்கத்தில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. முட்டை அளவில் ஒரு கட்டி. பையின் வாயை நெகிழ்த்தி, சக்கைக்குள் விரலைவிட்டு அதை எடுத்தான். வெளியே பழுப்பாக ஈரம். இரண்டாகப் பிட்டான். உள்ளே வெள்ளை மாவு, காய்ந்தபடியே, அரைத்த சாக்கிலிருந்து இப்போதுதான் அள்ளினதுபோல.

நெவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் கிளறின ஊறலில் கட்டி இருக்கவில்லை. இருந்திருந்தாலும் ஒரு மணி நேரம் ஊறின பிறகு உள்ளே காய்ந்திருக்க வழியில்லை. அப்படியானால் இது கடைசியில் விழுந்தது. கிளறாமல் விழுந்தது, அல்லது கிளறச் சக்தியில்லாதவன் போட்டது. புது மால்ட் என்றால் புது வேலைக்காரர்கள். சூட்டை மட்டும் அறுபத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டால், நெவில் எழுபத்தைந்தில் கொன்றுபோட்டவர்களின் வேலையை இவர்கள் வந்து முடித்துவைப்பார்கள். அவன் திரும்பிவருவதற்குள் பாய்லரைக் கொஞ்ச நேரம் போட்டுவிட்டால் தெர்மாமீட்டரும் பொய் சொல்லாமலே பொய் சொல்லும். சர்க்கரையைக் கொட்டியிருந்தால் மிதவை காட்டிக் கொடுத்திருக்கும். இரண்டு கை மால்ட்டை மிதவை கண்டுபிடிக்காது.

"மாப்ள, இத எப்பப் போட்ட?"

ரஸ்ஸல் கட்டியைப் பார்த்தான். மறுக்கவில்லை. குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ அந்தப் பக்கம் போனதும் சூட்ட எறக்கினேன். எறங்கினப்பறம் போட்டேன்."

"சூட்ட எப்படி எறக்கின?"

பையைக் கப்பியால் தூக்கி, கதவைத் திறந்துவைத்து, பனிக்காற்றில் தொங்கவிட்டதாக அவன் சொன்னான். கொஞ்சம் ஆறினதும் இறக்கி, மறுபடியும் தூக்கி, அப்படி நாலைந்து முறை. ஈரப் பையின் எடை என்னவென்று நெவிலுக்குத் தெரியும். தனக்கே தோள் வலிக்கும். வண்டி தள்ளக்கூடாது, காரை ஓட்டக்கூடாது என்று சொல்லப்பட்ட இருதயத்தோடு இவன் தனியாக இந்தக் கயிற்றை இழுத்திருக்கிறான். விழுந்திருந்தால் பார்க்க ஆளில்லை. கோடு போட்டுவிட்டு வந்து பார்க்கும்போது பாய்லருக்குப் பக்கத்தில் கிடந்திருப்பான்.

எத்தனை காய்ச்சலாக இப்படி என்று கேட்டான். முதல் ஒன்றைத் தவிர எல்லாம் என்று ரஸ்ஸல் சொன்னான். சொல்லும்போது குரலில் வெட்கத்தோடு லேசான பெருமையும் இருந்தது. ஒரு நல்ல வேலைக்காரன் தன் வேலையைச் சொல்கிற தொனி. நெவிலை அதுதான் அதிகம் சுட்டது. இந்த வித்தையை இருவரும் சேர்ந்துதான் கற்றார்கள்.

"ஒரு பர்சென்ட்டு, ஒன்றரை பர்சென்ட்டு வித்தியாசம்டா மச்சான். அதுக்குப் போயி என்னைக் கொலகாரனப் பாக்கற மாதிரிப் பாக்கற. அந்தக் கஞ்சியக் குடிச்சிட்டு ஒக்காந்தா, நான் ஏற்கெனவே போய்ட்ட மாதிரி இருக்கு. எல்லாரும் எம் பக்கத்துல மெதுவாப் பேசறாங்க. ஜினோகூட மெதுவாப் பேசறாரு."

"கால் வீங்குதாம்."

"தெரியும். எங் காலுதான."

 ரஸ்ஸல், க்ளெண்டாவிடம் சொல்லப்போகிறாயா என்று கேட்டான். சொன்னால் அவள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் சத்தியமாக இனிமேல் தொடமாட்டேன், வேண்டுமானால் ஊறுகிற நேரம் ஜினோ வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றான். இதே குரலில் அவன் விறகு அடுக்கைப் பற்றிப் பேசினதாக க்ளெண்டா சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டால் இந்தக் கொட்டகை முடிந்தது. அப்புறம் இவன் பப்புக்குத்தான் போவான். சொல்லாவிட்டால் இந்தக் கொட்டகையே அவனை முடித்துவிடும். நெவில் இரண்டையும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே சரளைக்கல்லில் கார் ஏறுகிற சத்தம் கேட்டது. ஆட்டம் பார்க்கக் கணவனைக் கூட்டிப்போக க்ளெண்டா வந்துவிட்டாள்.

உள்ளே வந்தவள் இருவர் முகத்தையும் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நெவில் ஏதாவது சமாளித்திருப்பானோ என்னவோ. அவள் கேட்காமல் நின்றதால் அவன் சொல்லிவிட்டான். கட்டியைக் காட்டி, பையைக் காட்டி, கப்பியைக் காட்டி, ஆதியோடந்தமாகச் சொன்னான். ரஸ்ஸல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவனைத் திட்டுவாள் என்று நெவில் எதிர்பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அந்த ஒரு மணி நேரம் நீ எங்கண்ணா இருந்த?"

"கிரவுண்டுல. கோடு போட."

"ஒவ்வொரு சனிக்கிழமையுமா?"

அவன் தலையாட்டினான். ஊறும்போது செய்ய ஒன்றுமில்லை, தெர்மாமீட்டர் இருக்கிறது, திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்வேன் என்று சொல்ல ஆரம்பித்தான். அவள் முடிக்கவிடவில்லை.

"நான் தெர்மாமீட்டர நம்பி இவர இங்க விடலண்ணா. நீ பக்கத்துலயே இருப்பன்னு நெனச்சு விட்டேன்."

 எழுபத்தைந்து டிகிரிக்குத்தான் ஜாமீன் நிற்கிறோம் என்று நெவில் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு டிகிரிகூட அவன் தவறவில்லை. அவள் ஜாமீன் கேட்டது ஆளுக்கு.

"நான் ஜூன்ல போன் பண்ணேனே. அப்ப உனக்கு எதுவுமே தெரியாதா?"

பீர் காட்டமாகியிருக்கிறது என்று அன்றைக்கு இரவே தெரியும், ஏன் என்றுதான் தெரியவில்லை என்று அவன் உண்மையைச் சொன்னான்.

"தெரிஞ்சும் சொல்லல" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

ரஸ்ஸல் எழுந்து, காரில் உட்கார்ந்து பேசலாம் வா க்ளென் என்றான். அவள் அவனுக்கு வழிவிடவில்லை. கைப்பையைத் திறந்து, கிழமை எழுதிய அறைகள் உள்ள மாத்திரை டப்பாவை எடுத்து, மால்ட் அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் பலகைமேல் வைத்தாள். தண்ணீர் வெளியேற்றுகிற மாத்திரை காலையில், மற்றது சாப்பிட்டபின், உப்பு போடாதே என்று அண்ணனிடம் சொன்னாள். எப்போதும் சொல்கிற வீட்டு விஷயம்போலச் சொன்னாள்.

"இவரு இங்கயே இருக்கட்டும்."

"எத்தன நாளைக்கு?" என்று நெவில் கேட்டான்.

"தெரியல. பொறுப்பு எடுத்துக்கறேன்னு சொன்னது நீதானண்ணா. நான் ராத்திரி தூங்கி ரொம்ப நாளாச்சு. கொஞ்ச நாள் தூங்கறேன்."

கார் பின்னால் போய், தெருவில் திரும்பிப் போகும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். ஜினோ வேலிக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டி, ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

நெவில் பாய்லரின் குழாயைத் திறந்தான். இனிப்புத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி, கதவைத் தாண்டி, பனி படிந்த புல்லில் ஆவி கிளப்பியது. கொட்டகை முழுக்க வெந்த தானியத்தின் வாசனை. ரஸ்ஸல் அது ஓடுவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "எந்த ரூம்டா?" என்று மட்டும் கேட்டான்.

நெவில் பின்னறையைக் காட்டினான். அவன் மனைவி பிரிந்து போனதிலிருந்து அங்கே யாரும் படுத்ததில்லை. கட்டிலின் மேல் மீன்பிடி சாமான்கள் கிடந்தன. இருவரும் அவற்றை எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். ரஸ்ஸலை எதையும் தூக்கவிடாமல் நெவில் தூண்டில்களை மட்டும் அவன் கையில் கொடுத்தான். அடுப்படி அலமாரியில் இருந்த ஷெர்ரி ஒயின் பாட்டிலையும், குளியலறையில் இருந்த, சாராயம் கலந்த வாய் கொப்பளிக்கிற மருந்தையும் எடுத்துக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினான். அவன் என்ன செய்கிறான் என்று ரஸ்ஸலுக்குத் தெரிந்தது.

மத்தியானம் முட்டையும் ரொட்டியும் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். நெவில் மாத்திரை டப்பாவில் சனிக்கிழமை அறையைத் திறந்து, மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் கொடுத்தான். ரஸ்ஸல் விழுங்கினான். பிறகு, யாரும் கேட்காமலே, வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

நெவிலுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தான்.